38 ஸ்டூடியோஸ்: ஏழரைக் கோடி டாலரில் காணாமல் போன இரண்டரைக் கோடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் தொழிலைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையில், அமெரிக்காவின் 38 ஸ்டூடியோஸ் நிறுவனம் 'வெளியிட்ட ஒரே கேமும் ஓடாததால் மூடப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. அது சரியல்ல. 'கிங்டம்ஸ் ஆஃப் அமலூர்: ரெக்கனிங்' என்ற அந்த கேம் முதல் மூன்று மாதங்களில் சுமார் 12 லட்சம் பிரதிகள் விற்றது. முன்பின் கேள்விப்படாத பெயரில், புதிய கதையுலகத்தோடு வந்த ஒரு ஆர்.பி.ஜி. (ஆடுபவரே ஒரு பாத்திரமாகிக் கதையில் உலவும் வகை) கேமுக்கு இது மட்டமான விற்பனை இல்லை. நிறுவனம் விழுந்ததற்கான காரணம், அதற்கு அரசுப் பணம் வந்த விதத்தில் இருக்கிறது. கேம், அனிமேஷன் நிறுவனங்களுக்குச் சலுகை தர அரசுகள் முந்திக்கொண்டு நிற்கும் நேரத்தில் இது தவறாகப் பதிவாகக் கூடாது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாமல் சுருக்க நேர்ந்தால், கடன் பத்திரக் கணக்கு வரும் பகுதியை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

நிறுவனத்தைத் தொடங்கியவர் கர்ட் ஷில்லிங். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் ஆடிய புகழ்பெற்ற பேஸ்பால் பந்துவீச்சாளர். இணையவழி கேம்களில் ஊறியவர். 2006-இல் மாசசூசெட்ஸில் 'கிரீன் மான்ஸ்டர் கேம்ஸ்' என்று தொடங்கி, பிறகு தன் ஜெர்சி எண்ணான 38-ஐயே நிறுவனத்தின் பெயராக வைத்தார். நாவலாசிரியர் ஆர்.ஏ. சால்வடோர் கேம் நடக்கும் உலகத்துக்குப் பத்தாயிரம் ஆண்டு வரலாறு எழுதினார். காமிக்ஸ் ஓவியர் டாட் மெக்ஃபார்லேன் அதன் தோற்றத்துக்குப் பொறுப்பேற்றார். அந்த உலகத்துக்கு 'அமலூர்' என்று பெயர். அதில் எடுக்க நினைத்தது ஒரு எம்.எம்.ஓ., அதாவது ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைந்து ஆடும் இணைய கேம். உள்ளே அதற்கு வைத்த பெயர் 'கோப்பர்னிகஸ்'.

முதல் கேமாக எம்.எம்.ஓ. எடுப்பது இந்தத் தொழிலில் யாரும் யாருக்கும் சொல்லாத யோசனை. சாதாரண கேமில் வரைபடங்கள், அசைவுகள், கதை, நிரல் குறியீடு எல்லாம் ஒருமுறை முடிந்தால் டிஸ்க்கில் ஏற்றி விற்றுவிடலாம். எம்.எம்.ஓ.வில் அவை மட்டும் போதாது. சர்வர்கள் வேண்டும். கணக்கு, கட்டணம், மோசடித் தடுப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனி அமைப்பு வேண்டும். இரவு பகலாக வாடிக்கையாளரோடு பேச ஆள் வேண்டும். வெளியீட்டு நாளில் பாதி நகரமே ஒரே வாசலில் நுழைய முயன்றாலும் சாயாத கட்டமைப்பு வேண்டும். மாதக் கணக்கில் ஆடக்கூடிய அளவுக்கு உள்ளடக்கமும் முதல் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும். இத்தனையையும் முடித்த பிறகுதான் முதல் டாலர் உள்ளே வரும். 2010-இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேமுக்கு 1.2 கோடி சந்தாதாரர்கள் இருந்தார்கள். அதைப் பார்த்து இறங்கி நஷ்டப்பட்டவர்கள் பலர். 2011 டிசம்பரில் வந்த ஸ்டார் வார்ஸ் எம்.எம்.ஓ.வே ஓர் ஆண்டுக்குள் மாதச் சந்தாவை மட்டும் நம்பியிருந்ததைக் கைவிட்டு, இலவசமாக ஆடும் வழியையும் திறக்க வேண்டியதாயிற்று.

2009-இல் 38 ஸ்டூடியோஸ் ஒரு நல்ல காரியம் செய்தது. டி.எச்.க்யூ. நிறுவனம் கைகழுவத் தயாராக இருந்த 'பிக் ஹியூஜ் கேம்ஸ்' என்ற மேரிலாந்து மாநில ஸ்டூடியோவை வாங்கியது. அங்கே 'மாரோவிண்ட்', 'ஒப்ளிவியன்' கேம்களின் வடிவமைப்பாளர் கென் ரோல்ஸ்டன் தலைமையில் ஒரு ஆர்.பி.ஜி. ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு அமலூர் உலகத்தைப் போர்த்தி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸைப் பப்ளிஷராக, அதாவது முன்பணம் கொடுத்து கேமை வெளியிட்டு விற்கும் நிறுவனமாக, பிடித்தார்கள். 2012 பிப்ரவரியில் வெளியான 'கிங்டம்ஸ் ஆஃப் அமலூர்: ரெக்கனிங்' அதுதான். தலைமையகத்தில் நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைத்த கேம் வெளிவரவே இல்லை. பக்கத்து மாநிலங்களைத் தாண்டி இருந்த கிளையின் கேம்தான் கடைக்கு வந்தது.

இனிப் பணத்துக்கு வருகிறேன்.

ஷில்லிங் தன் சொந்தப் பணம் சுமார் 5 கோடி டாலரைப் போட்டதாகச் சொல்லியிருக்கிறார். அது எம்.எம்.ஓ.வுக்குப் போதாது. 2010 மார்ச்சில் அவர் வீட்டில் நடந்த ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு ரோட் ஐலண்ட் ஆளுநர் டொனால்ட் கார்சியரி வந்திருந்தார். அங்கிருந்துதான் பேச்சு தொடங்கியது. ரோட் ஐலண்ட் பரப்பளவில் அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம். மக்கள்தொகை பத்தரை லட்சம், அதாவது புதுச்சேரியைவிடக் குறைவு. அப்போது அங்கே வேலையின்மை 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. வேலை உருவாக்கும் நிறுவனங்களின் கடனுக்கு உத்தரவாதம் தர 12.5 கோடி டாலர் வரம்பில் ஒரு திட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அந்த வரம்பில் 60 சதவீதத்தை, 7.5 கோடி டாலரை, ஒரே நிறுவனத்துக்கு ஒதுக்கினார்கள். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 340 கோடி ரூபாய். அதுவரை ஒரு கேமைக்கூட வெளியிடாத நிறுவனம் அது. மாநிலப் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தின் வாரியம் 8-க்கு 1 என்ற கணக்கில் ஒப்புக்கொண்டது. எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் கார்ல் வாடன்ஸ்டன் என்ற தொழிலதிபர்.

அரசு கஜானாவிலிருந்து காசோலை எழுதிக் கொடுக்கவில்லை. கழகம் கடன் பத்திரம் வெளியிட்டது, முதலீட்டாளர்கள் வாங்கினார்கள், அந்தப் பணத்தைக் கழகம் ஸ்டூடியோவுக்குக் கடனாகக் கொடுத்தது. ஸ்டூடியோ கட்டத் தவறினால் மாநிலம் கட்டும் என்பது 'தார்மிகக் கடப்பாடு'. சட்டப்படி கட்டாயமில்லை, ஆண்டுதோறும் சட்டமன்றம் நிதி ஒதுக்கினால் போதும் என்பது ஏட்டில் உள்ள நிலை. ஒதுக்காவிட்டால் அந்த மாநிலத்தின் கடன் தரமதிப்பீடு விழும், பள்ளிக்கும் பாலத்துக்கும் வாங்கும் கடனுக்கு வட்டி ஏறும். ஆகவே நடைமுறையில் இதுவும் கட்டாயம்தான். வட்டி 6 முதல் 7.75 சதவீதம். பத்தாண்டில் அசலும் வட்டியுமாகத் திருப்ப வேண்டியது சுமார் 11.2 கோடி டாலர்.

இப்போது அந்தக் கணக்கு. பத்திரம் 7.5 கோடிக்கு. அதிலிருந்து தவணை தவறினால் எடுக்க ஒரு காப்பு நிதி, தொடக்க கால வட்டியைக் கட்ட ஒரு தனிக் கணக்கு, வங்கி, வழக்கறிஞர், ஆலோசகர் கட்டணம் எல்லாம் முதலிலேயே கழிக்கப்பட்டன. ஸ்டூடியோவின் கைக்கு வந்தது சுமார் 5 கோடி. ஆனால் கோப்பர்னிகஸை முடிக்கத் தேவை என்று நிறுவனம் சொல்லியிருந்தது 7.5 கோடி! கடன் வாங்கிய அன்றே இரண்டரைக் கோடி டாலர் துண்டு விழுந்தது. அதை எங்கிருந்து நிரப்புவது என்பதற்கு விடை இல்லாமலே கையெழுத்தானது. இது கழகத்துக்கும் பத்திரத்தை விற்றுக் கொடுத்த வங்கியான வெல்ஸ் ஃபார்கோவுக்கும் தெரிந்திருந்தும் பத்திரம் வாங்கியவர்களிடம் சொல்லவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2016-இல் வழக்குப் போட்டது. நம் ஊரில் வீட்டுக் கடன் எடுப்பவர்கூடப் பதிவுச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் கொத்தனாரிடம் பேசுவார்.

துண்டு விழுந்தது ஒரு பக்கம். பணத்துக்கு ஈடாக மாநிலம் கேட்டது என்ன? நிறுவனம் மாசசூசெட்ஸை விட்டு ரோட் ஐலண்டின் தலைநகரான பிராவிடன்ஸுக்கு வர வேண்டும். 2012 முடிவுக்குள் அங்கே 450 வேலைகள் உருவாக்க வேண்டும். அரசியல்வாதிக்கு இந்த இரண்டு எண்ணும் போதும், மேடையில் சொல்லலாம். கேம் எடுப்பவருக்கோ இவை இரண்டும் விஷம். 2011 ஏப்ரலில் நிறுவனம் இடம் மாறியது.

ஆள் சேர்ப்பு ஏன் விஷம் என்பதைச் சொல்ல வேண்டும். கேம் தயாரிப்பில் முதல் கட்டத்தில் சிறு குழு போதும். முப்பது நாற்பது பேர். அவர்கள் வேலை, கேமின் ஒரு சிறு துண்டை முழுத் தரத்தில் செய்து காட்டுவது: ஒரு ஊர், ஒரு குகை, நாலு எதிரிகள், சண்டை, பரிசு, திரும்ப வருவது. அந்தப் பத்து இருபது நிமிடத்தை வெளியாள் ஒருவர் ஆடிவிட்டு, இன்னொரு முறை ஆடட்டுமா என்று கேட்டால்தான் அடுத்த கட்டத்துக்குப் போய் நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கலாம். அதற்கு முன் எடுத்தால் என்ன நடக்கும்? நூறு ஓவியர்களைச் சும்மா உட்கார வைக்க முடியாது. மலை, கோட்டை, கவசம், மரம் என்று செய்துகொண்டே போவார்கள். ஒரு வருடம் கழித்துச் சண்டை முறையை மாற்ற வேண்டும் என்று வடிவமைப்பாளர் சொல்வார். வாள் எட்டும் தூரம் மாறினால் எதிரி நிற்கும் இடைவெளி மாறும். அதோடு மண்டபத்தின் அளவும் கேமரா நிற்கும் உயரமும் மாறும். அசைவுகளைத் திரும்பப் பதிய வேண்டும். முடிந்த வேலையில் பாதி குப்பைக்குப் போகும். எம்.எம்.ஓ.வில் இன்னொரு சிக்கலும் உண்டு: அடி விழுந்ததா இல்லையா என்பதை ஆடுபவரின் கணினி முடிவு செய்யாது, சர்வர் முடிவு செய்யும். ஆகவே சண்டையின் வேகத்தை மாற்றினால் சர்வர் குறியீட்டையும் தொட்டாக வேண்டும்.

கோப்பர்னிகஸில் நடந்தது இதுதான். வெளியான காட்சிகளில் நகரங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் ஆடுவதற்குச் சுவாரசியமாக இல்லை, குறிப்பாகச் சண்டை தேறவில்லை என்பதைப் பிற்பாடு ஷில்லிங்கே ஒப்புக்கொண்டார். முதலில் 2011 இறுதி என்றிருந்த வெளியீடு தள்ளிப்போய், கடைசியில் 2013 ஜூனில் வந்து நின்றது.

ஆள் கணக்கைப் பண மொழிக்கு மாற்றிப் பார்ப்போம். அமெரிக்க ஸ்டூடியோக்களில் சம்பளம், காப்பீடு, வாடகை, கணினி, மென்பொருள் உரிமம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 10,000 டாலர் என்று குத்துமதிப்பாகப் போடுவது வழக்கம். 38 ஸ்டூடியோஸின் இரு அலுவலகங்களிலும் கடைசியில் இருந்தவர்கள் 379 பேர். மாதம் 38 லட்சம் டாலர். கைக்கு வந்த 5 கோடி இந்த வேகத்தில் பதின்மூன்று மாதம் தாங்கும். பத்திரம் வெளியானது 2010 நவம்பர். பணம் தீர்ந்தது 2012 வசந்தம். மேலும் ஒவ்வொரு புதிய வேலையும் அரசுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றும் அதே நேரத்தில் நிறுவனத்தின் ஆயுளில் சில நாட்களைக் கழித்தது.

'ரெக்கனிங்' 12 லட்சம் விற்றதே, அந்தப் பணம் எங்கே என்று கேட்கலாம். பப்ளிஷர் தயாரிப்புக்குக் கொடுத்தது அன்பளிப்பு அல்ல, ராயல்டியில் கழிக்கும் அட்வான்ஸ். இந்த ஒப்பந்தத்தின் உள்ளெண்களை விட்டுவிட்டுத் துறை வழக்கத்தை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். 60 டாலர் டிஸ்க்கில் கடைக்காரருக்கு 12 போகும். கன்சோல் நிறுவனத்தின் கட்டணம், டிஸ்க், பெட்டிக்கு 10. மிச்சம் 38. அதில் ஸ்டூடியோவின் பங்கு 40 சதவீதம் என்றால் 15 டாலர். அட்வான்ஸ் 3 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டால், 20 லட்சம் பிரதி விற்று முடியும்வரை ஸ்டூடியோவுக்கு ஒரு சென்ட்கூட வராது. 12 லட்சம் விற்றதும் கணக்கில் 1.8 கோடி கழிந்திருக்கும், அவ்வளவுதான். தள்ளுபடி விலை, திரும்பி வரும் சரக்கு எல்லாம் சேர்ந்தால் எல்லை இன்னும் தள்ளிப்போகும். பின்னர் ஆளுநரான லிங்கன் சாஃபி, போட்ட பணம் திரும்ப 30 லட்சம் பிரதி விற்றிருக்க வேண்டும் என்று சொன்னதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். ஆடுபவர்கள் விரும்பி வாங்கிய கேமும் மாதச் சம்பளத்துக்கு உதவவில்லை என்பதில் முரண் ஏதுமில்லை.

2012 மே மாதத்தைத் தேதிவாரியாகச் சொல்லிவிடலாம். மே 1: கழகத்துக்குக் கட்ட வேண்டிய 11.25 லட்சம் டாலர் தவணை தவறியது. மே 15: ஊழியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. அந்த வாரத்தில் சாஃபி, நிறுவனம் திவாலாகாமல் காக்க முயல்வதாகச் செய்தியாளர்களிடம் பேசினார். அந்தப் பேச்சே முதலீடு செய்ய வந்தவர்களை விரட்டியது என்பது ஷில்லிங் தரப்பின் வாதம். அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரு வாக்கியத்தில் விழுந்துவிடும் நிலையில் அந்த நிறுவனம் ஏன் இருந்தது என்பதுதான் முந்தைய கேள்வி. மே 17: தவணைத் தொகைக்கான காசோலை கழக அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு நிறுவனத்திலிருந்தே சொன்னார்கள், வங்கியில் அவ்வளவு பணம் இல்லை என்று. காசோலை திருப்பித் தரப்பட்டது. மறுநாள் பணம் கட்டப்பட்டது, சம்பளம் நிலுவையில் இருக்கும்போதே. மாநிலத்தின் திரைப்பட வரிச் சலுகையைப் பெற்று, அதை வரி கட்ட வேண்டிய வேறு நிறுவனங்களுக்கு விற்றுச் சுமார் 1.4 கோடி டாலர் புரட்டலாம் என்ற கடைசி நம்பிக்கையும் பலிக்கவில்லை.

மே 24 அன்று சில வரி மின்னஞ்சலில் எல்லோருக்கும் வேலை போனது. பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்யும் முதலாளி 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. இங்கே ஒரு நாள்கூட இல்லை. மருத்துவக் காப்பீடும் அதே நாளோடு முடிந்தது. மாசசூசெட்ஸிலிருந்து இடம் மாறியவர்களின் பழைய வீடுகளை விற்றுத் தரும் ஏற்பாட்டை நிறுவனம் செய்திருந்தது. வீடு விற்றுவிட்டது என்று நினைத்திருந்த சிலருக்கு, அது விற்கவில்லை, அடமானத் தவணை இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்று தெரியவந்தது அப்போதுதான்.

ஜூன் 7-இல் திவால் மனு. சொத்து 2.17 கோடி டாலர், கடன் 15.07 கோடி. சீரமைக்கும் பிரிவில் அல்ல, விற்றுக் கலைக்கும், அமெரிக்கத் திவால் சட்டத்தின் 7-ஆம் அத்தியாயத்தில். அந்தப் பிரிவில் போனால் நாற்காலி முதல் முடியாத கேமின் குறியீடு வரை நீதிமன்றம் நியமிக்கும் அறங்காவலர் கைக்குப் போய்விடும். ஏலத்தில் கோப்பர்னிகஸுக்குத் தகுந்த விலை வரவில்லை. வராது. பாதி முடிந்த எம்.எம்.ஓ.வை வாங்குபவர் அதைச் செய்த ஆட்களையும் சேர்த்து வாங்க வேண்டும், அவர்களோ ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். பிக் ஹியூஜ் குழுவில் பலரை எபிக் கேம்ஸ் எடுத்துக்கொண்டு 'இம்பாசிபிள் ஸ்டூடியோஸ்' என்று தொடங்கியது. அதுவும் 2013 பிப்ரவரியில் மூடப்பட்டது. அமலூரின் உரிமை 2018-இல் டி.எச்.க்யூ. நார்டிக்கிடம் போய், 2020-இல் பழைய கேம் புதுப்பித்து வெளியிடப்பட்டது.

மாநிலம் போட்ட வழக்கில் வங்கிகள், ஆலோசகர்கள், வழக்கறிஞர்கள் எல்லோரிடமும் சேர்த்து வசூலானது சுமார் 6.1 கோடி டாலர். வெல்ஸ் ஃபார்கோவும் பார்க்லேஸும் கொடுத்தது 2.56 கோடி, ஷில்லிங்கும் மற்ற மூன்று நிர்வாகிகளும் சேர்ந்து 25 லட்சம். குற்ற வழக்கு யார் மேலும் இல்லை. கடன் பத்திரம் வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் போய்ச் சேர்ந்தது. ஊழியர்களுக்குப் பாக்கிச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாத தொகை 2021-இல், ஒன்பது ஆண்டு கழித்து, கிடைத்தது. வரிசையில் யார் முன்னால் நின்றார்கள் என்பது இந்த இரண்டு வரியிலேயே தெரியும்.

கேம் நிறுவனத்துக்குப் பொதுப் பணமோ உத்தரவாதமோ கொடுக்கும் எந்த அரசும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை இதிலிருந்தே கிடைக்கின்றன. கைக்கு வரும் நிகரத் தொகையையும் கேமை முடிக்கத் தேவையான தொகையையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுத வேண்டும். இடைவெளி இருந்தால் அதை நிரப்புபவரின் கையெழுத்து வரும்வரை ஒரு பைசா நகரக் கூடாது. தவணைகளை ஆள் எண்ணிக்கையோடு கட்டக் கூடாது. ஆடிப் பார்க்கக்கூடிய பில்டோடு, அதாவது அதுவரை முடிந்த கேமின் இயங்கும் வடிவத்தோடு, கட்ட வேண்டும். அந்த பில்டை ஆடிப் பார்ப்பவர் நிறுவனத்தோடும் அரசோடும் சம்பந்தமில்லாத, கேம் எடுத்து வெளியிட்ட அனுபவமுள்ள ஒருவராக இருக்க வேண்டும். அதிகாரி ஒருவருக்கு வீடியோ போட்டுக் காட்டுவது சோதனை ஆகாது. கோப்பர்னிகஸை வீடியோவில் பார்த்த எவரும் அதற்குக் கடன் கொடுத்திருப்பார்கள். மாதாந்தரச் செலவையும் கையிருப்பையும் கேட்டு வாங்க வேண்டும். கையிருப்பு ஆறு மாதச் செலவுக்குக் கீழே போனால் புதிய ஆள் சேர்ப்பு தானாக நிற்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளமும் காப்பீட்டுத் தவணையும் ஊழியர் பெயரில் தனிக் கணக்கில், கடன்காரர் கை படாத இடத்தில் இருக்க வேண்டும். வாடகை, கணினி போன்றவற்றைக் கழித்துவிட்டால் 379 பேருக்கு அது சுமார் 70 லட்சம் டாலர். பத்திரத் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

வேலைக்குச் சேரும் இளைஞர்களும் நேர்காணலில் கேட்கலாம்: அடுத்த பணம் எப்போது வர வேண்டும், எது நடந்தால் வரும், வராவிட்டால் எத்தனை மாதம் ஓடும்? பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்துக்காக ஊர் மாறுவதாக இருந்தால், பழைய வீட்டின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை அவர்களே நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கேம் தயாரிப்புத் துறை வாசகர்,
கோவை